நகச்சொத்தை: மறைக்காதீங்க, மருந்தைப் பாதியில விடாதீங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி முன்னாடி பேசினவங்க நல்லா பேசினாங்க. எனக்குக் கொடுத்தது பெண்கள் உடல்நலம். அதுல யாரும் பேசாத ஒண்ணை எடுத்திருக்கேன். நகச்சொத்தை. சிரிக்காதீங்க. இந்தக் கூட்டத்துலயே எத்தனை பேர் கட்டைவிரலை உள்ளே மடக்கி வச்சிருக்கோம்னு நமக்கே தெரியும்.

நம்ம வேலையெல்லாம் ஈரத்துலதான். கோவளத்துலேருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரத்துல மீன் வெட்டுறோம், இறால் உரிக்கிறோம். உள்ளே திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கம் போனா நடவு, களையெடுப்பு. கடற்கரைச் சாலையில ஓட்டலுக்குப் போற தங்கச்சிங்க நாள் முழுக்கப் பாத்திரம் கழுவுறாங்க. வீட்டுக்கு வந்தா துணி, மாவு, மாட்டுத் தொழுவம். கை காயுற நேரமே இல்லை.

நகத்தோட அடியில மெல்லிய தோல் ஒண்ணு நகத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் கதவு மாதிரி. ஓயாம தண்ணியும் சோப்பும் பட்டா அந்தத் தோல் பிரிஞ்சுடும். மீன் முள்ளு குத்தினாலும் பிரியும். அந்த இடுக்கு வழியா பூஞ்சைக் காளான் உள்ளே போகுது. கால்ல வேற மாதிரி. முதல்ல விரலிடுக்குல சேத்துப்புண் வரும். அதைக் கவனிக்காம விட்டா அதே பூஞ்சை நகத்துக்குப் போயிடும். இடுப்பு, தொடையில வர்ற படர்தாமரையும் இதே குடும்பம்தான். ஒரு இடத்துல இருந்தா சொறியுற கை வழியா இன்னொரு இடத்துக்குப் போகும். மெட்டிக்கு அடியில ஈரம் தங்குறதையும் நாம கவனிக்கிறதில்லை.

பூஞ்சை வந்தா நகம் மஞ்சளாவோ வெள்ளையாவோ ஆகும். தடிச்சுப் போகும், ஓரத்துல உதிரும், தூக்கிக்கிட்டு நிக்கும், அடியில மாவு மாதிரி சேரும். ஆனா கெட்டுப்போன நகம் எல்லாம் பூஞ்சை இல்லை. ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. அடிபட்டாலும், சோரியாசிஸ் வந்தாலும் நகம் இப்படித்தான் ஆகும். பச்சையா மாறினா பெரும்பாலும் அது பாக்டீரியா. திடீர்னு வீங்கி, சீழ் வச்சு, விண்ணு விண்ணுன்னு வலிச்சா அது நகச்சுத்து. ஒரே நகத்துல புதுசாக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிட்டே வந்தா, ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டணும்.

சிலர் நகம் மாறினாலே பெருவியாதியோன்னு பயப்படுறாங்க. நம்ம செங்கல்பட்டுத் திருமணியில 1924-லேருந்து தொழுநோய் மருத்துவமனை இருக்கிறதால அந்தப் பயம் நம்ம பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. நகச்சொத்தை தொழுநோய் இல்லை. தொழுநோய்னா தோல்ல தேமல் மாதிரி வரும், அங்க தொட்டா உணர்ச்சி இருக்காது. அதுக்கும் இலவச மருந்து இருக்கு, ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டா குணமாகும்.

எங்க குழுவுல மீன் வெட்டுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. பேர் சொல்லாம சொல்லும்மான்னு அனுமதி கொடுத்திருக்காங்க. வலது கையில ரெண்டு நகம் சொத்தையாச்சு. வாங்க வர்றவங்க, "அந்தக் கையால வெட்டாதம்மா"ன்னு பக்கத்துக் கூடைக்குப் போனாங்க. மருதாணி வச்சுப் பார்த்தாங்க, எலுமிச்சம்பழத்தை விரல்ல செருகிப் பார்த்தாங்க. மருதாணி நிறத்தை மறைக்கும், அவ்வளவுதான். அப்புறம் மருந்துக் கடையில டியூப் வாங்கினாங்க. தடவின ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுச்சு. நல்ல மருந்துன்னு இன்னும் ரெண்டு டியூப் வாங்கினாங்க. விரல்ல இருந்தது புறங்கை முழுக்கப் பரவிடுச்சு.

காரணம் என்னன்னா, அந்த மாதிரி டியூப் பலதுல க்ளோபெட்டசால்னு ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலோட எதிர்ப்பைக் குறைச்சு பூஞ்சை பரவ வழி விட்டுடும். இந்த மாதிரி களிம்பை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு சொல்லியாச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்தா போடலாம். நாமளா கேட்டு வாங்கக் கூடாது.

கடைசியில அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். நகத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, மருந்துத் தண்ணியில ஊறவச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. பூஞ்சைன்னு உறுதியான பிறகுதான் மாத்திரை. முன்னாடியே கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க, ஏன்னா சிலருக்கு இந்த மாத்திரை கல்லீரலைப் பாதிக்கும். டெர்பினாஃபின்னு ஒரு மாத்திரை இருக்கு. வழக்கமா கை நகத்துக்கு ஆறு வாரம், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் கொடுப்பாங்க. பூஞ்சையோட வகையைப் பொறுத்து வேற மாத்திரையும் தருவாங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க, வேற மாத்திரை சாப்பிடுறவங்க அதை முதல்லயே சொல்லிடணும். ஆரம்பத்துலயே போனா நகத்துல பூசுற மருந்தே சிலருக்குப் போதும்.

இங்கதான் நம்ம பெண்கள் ஏமாந்து போறோம். மாத்திரை முடிஞ்ச அன்னைக்கு நகம் அழகாகிடாது. கெட்ட நகம் கெட்டதாவேதான் இருக்கும். அடியிலேருந்து புது நகம் வளர்ந்து அதைத் தள்ளணும். கை நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசா மாற ஆறு மாசம். கால் கட்டைவிரல்னா ஒரு வருஷத்துலேருந்து ஒன்றரை வருஷம். "ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் மாறல"ன்னு நிறுத்திடுறாங்க. நாத்து நட்ட மறுவாரம் கதிரை எதிர்பார்க்கலாமா? அடி நகம் சுத்தமா வருதான்னு மட்டும் பாருங்க. அந்த அக்கா முழுசா சாப்பிட்டாங்க. இன்னைக்கு அதே கையாலதான் மீன் வெட்டுறாங்க.

சர்க்கரை இருக்கிற அம்மாமார்களுக்குத் தனியா சொல்றேன். உங்களுக்கு இது அழகு விஷயம் இல்லை. கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கும். தடிச்ச நகம் பக்கத்துச் சதையில குத்திப் புண்ணாகும், வலி தெரியாது. அந்தப் புண்ணு முத்தினா விரலையே எடுக்கிற நிலைமை வரும். தடிச்ச நகத்தை வீட்டுல பிளேடால வெட்டாதீங்க. 2021-லேருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்குறாங்க. வர்றவங்க நம்ம மகளிர் குழுப் பெண்கள்தான். அவங்ககிட்ட காலையும் நீட்டிக் காட்டுங்க.

வராம இருக்க பெரிய செலவு இல்லை. வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவி, விரலிடுக்கு வரைக்கும் துணியால துடைங்க. தேங்காய் எண்ணெய் தடவுங்க. மீன் வெட்டும்போது கையுறை வழுக்கும், தெரியும். பாத்திரம் கழுவும்போதாவது போடுங்க. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தா வியர்வையை உறிஞ்சிக்கும். நகவெட்டி ஆளுக்கு ஒண்ணு. சேத்துப்புண் வந்தா உடனே மருந்து. சொத்தை நகத்து மேல நகப்பூச்சு போட்டு மறைக்காதீங்க.

நாம ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறதில்லைன்னா, மருந்துக்குக் காசு இல்லைன்னு இல்லை. அரசு மருத்துவமனையில இலவசம்தான். ஒரு நாள் கூலி போயிடுமேன்னுதான். அதனால கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, மாசக் கூட்டத்துல சேமிப்பு எழுதுற நேரத்துல அஞ்சு நிமிஷம் ஒருத்தர் கை காலை ஒருத்தர் பார்க்கணும். ரெண்டு, ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல அவங்க கூடையை, அவங்க மாட்டை இன்னொரு உறுப்பினர் பார்த்துக்கணும். கடன் தவணை தவறாம ஒருத்தருக்கொருத்தர் காவலா நிக்கிற நமக்கு இது பெரிய காரியம் இல்லை.