கிருபையின் பந்தியில் எல்லாரும் பிள்ளைகளே

(நமது சபையின் 25ஆவது ஆண்டு நிறைவு ஸ்தோத்திர ஆராதனையில் வழங்கப்பட்ட தேவசெய்தியின் எழுத்து வடிவம். தியானப் பகுதி: கலாத்தியர் 2:11-21, 5:1-14)

25 ஆண்டுகளாக இந்த ஜேர்மனி தேசத்தில், நம்முடைய தாய்மொழியிலே தம்மை ஆராதிக்க நமக்கு இடமும் பலமும் தந்த தேவனுக்கே சகல மகிமையும் உண்டாவதாக. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளே, இன்றைய செய்தி உங்களுக்கும் உரியது. ஆகையால் கவனமாய்க் கேளுங்கள்.

"கிருபை" என்பது நாம் தினமும் சொல்லும் வார்த்தை. சுகமா என்று யாராவது கேட்டால், கர்த்தருடைய கிருபையால் சுகம் என்கிறோம். ஆனால் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம் என்று சொல்லுகிற நாம், கிருபையினாலே வாழுகிறோமா? வாசலுக்குள் வந்தது கிருபையால், ஆனால் உள்ளே நிலைத்திருப்பது என் நல்ல நடக்கையால் என்று நம் மனதுக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஆவியினாலே ஆரம்பித்த நீங்கள் இப்போது மாம்சத்தினாலே முடிக்கப் பார்க்கிறீர்களா என்ற கருத்தில் பவுல் கலாத்தியரைக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான் (3:3).

அந்தியோகியாவில் ஒரு பந்தி

அந்தியோகியா என்ற பட்டணம் இன்று துருக்கி நாட்டில் அந்தாக்கியா என்ற பெயரோடு இருக்கிறது. 2023 பெப்ரவரியில் வந்த பூமியதிர்ச்சியில் மிகவும் சேதமடைந்த நகரம் அது. பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் படிக்கிற துருக்கிய நண்பர்களுக்கு அந்த ஊரைத் தெரிந்திருக்கலாம். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதல்முதல் கிடைத்தது அங்கேதான் (அப்போஸ்தலர் 11:26).

அந்தச் சபையில் ஒரு புதுமை இருந்தது. யூதரும் புறஜாதியாரும் ஒன்றாய்ப் பந்தியிருந்தார்கள். இது சிறிய காரியமல்ல. யூதர்கள் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிடாத காலம் அது. பேதுருவும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சந்தோஷமாய்ச் சாப்பிட்டார். ஏனென்றால் யோப்பா பட்டணத்தில் தேவன் அவருக்குத் தரிசனம் கொடுத்து, கொர்நேலியுவின் வீட்டுக்கு அவரை அனுப்பி, பரிசுத்த ஆவி புறஜாதியார்மேலும் இறங்கியதைக் காணச் செய்திருந்தார்.

ஆனால் எருசலேமில் யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தபோது பேதுருவுக்குப் பயம் வந்தது. மெல்ல மெல்ல அந்தப் பந்தியை விட்டு விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் எழுந்தார்கள். நல்ல மனுஷனாகிய பர்னபாவும்கூட எழுந்து போய்விட்டார்.

பேதுரு அன்றைக்குப் பொய்யான உபதேசம் எதையும் பிரசங்கிக்கவில்லை. வாயால் ஒரு வார்த்தையும் தவறாகச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தை மட்டும் மாற்றினார். ஆனாலும் பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். ஏன்? அந்த வெறுமையான ஆசனங்கள் புறஜாதி விசுவாசிகளுக்கு ஒரு பிரசங்கம் செய்தன. "கிறிஸ்து உங்களுக்குப் போதாது. இன்னும் ஒன்று வேண்டும். எங்களைப்போல மாறினால்தான் நீங்கள் முழுப் பிள்ளைகள்" என்பதே அந்தப் பிரசங்கம்.

அருமையானவர்களே, நியாயப்பிரமாணத்தின் கீழ் வாழ்வது என்றால் இதுதான். ஒழுங்குகளைக் கைக்கொள்வது அல்ல குற்றம். கிறிஸ்துவோடு இன்னும் ஒன்றைக் கூட்டி, அது இல்லாதவனைத் தள்ளி உட்காரச் சொல்வதே குற்றம்.

முதலில் மீட்பு, பிறகு கட்டளை

அப்படியானால் கட்டளைகள் கெட்டவையா? ஒருபோதும் இல்லை. யாத்திராகமத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தபோது, தேவன் அவர்களிடம் பத்துக் கட்டளைகளைக் கொடுத்து, "இவற்றை ஒழுங்காய்க் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன்" என்று சொல்லவில்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம். பதினான்காம் அதிகாரத்தில் பிளந்த சமுத்திரம். அதன் பிறகுதான் இருபதாம் அதிகாரத்தில் சீனாய் மலையும் கட்டளைகளும். அங்கேயும் முதலில் வருவது கட்டளை அல்ல. உங்களை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நானே என்ற அறிமுகம்தான் முதலில் வருகிறது.

ஆகவே பழைய ஏற்பாடு முழுவதும் நியாயப்பிரமாணம், புதிய ஏற்பாடு முழுவதும் கிருபை என்று பிரித்துவிட முடியாது. கிருபை எப்போதும் முந்திக்கொண்டது. இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக்கும்போதுதான் நுகம் பாரமாகிறது. நம்முடைய பிதாக்களாலும் நம்மாலும் சுமக்கக்கூடாத நுகத்தைச் சீஷர்களுடைய கழுத்தில் சுமத்தலாமா என்று எருசலேம் சங்கத்தில் எழுந்து கேட்டவர் வேறு யாருமல்ல, அதே பேதுருதான் (அப்போஸ்தலர் 15:10).

இந்த மண்ணில் நடந்த சரித்திரம்

நாம் வாழும் இந்த நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1505ஆம் ஆண்டு, மார்ட்டின் லூத்தர் என்ற சட்டக் கல்லூரி மாணவர், எர்ஃபோர்ட் நகருக்கு அருகே இடிமின்னலில் அகப்பட்டு, உயிர் தப்பினால் துறவியாவேன் என்று பொருத்தனை செய்தார். அப்படியே மடத்தில் சேர்ந்தார். உபவாசம், இராவிழிப்பு, குளிர், நீண்ட பாவ அறிக்கை என்று ஒன்றையும் அவர் குறைக்கவில்லை. ஆனாலும் சமாதானம் வரவில்லை. போதுமான அளவு செய்துவிட்டேனா என்ற கேள்விக்கு மடத்தில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. நம்முடைய கிரியைகளில் "போதும்" என்ற ஓர் எல்லை எங்கும் இல்லை.

விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதங்களையும் ரோமர் நிருபத்தையும் கலாத்தியர் நிருபத்தையும் போதிக்கையில் அவருடைய கண்கள் திறந்தன. தேவனுடைய நீதி என்பது தேவன் நம்மிடம் கேட்கும் நீதி மட்டுமல்ல, விசுவாசிக்கிறவனுக்கு அவர் கொடுக்கும் நீதி என்று கண்டுகொண்டார். கலாத்தியர் நிருபம் அவருக்கு எவ்வளவு பிரியமானது என்றால், அதைத் தம்முடைய மனைவி கத்தரீனாவோடு ஒப்பிட்டுப் பேசினார். பிள்ளைகளே, ஒக்டோபர் 31ஆம் திகதி சில மாநிலங்களில் பாடசாலை விடுமுறை விடுகிறார்களே, அதன் பின்னால் இருப்பது இந்தச் சரித்திரம்தான்.

அந்தச் சுவிசேஷம் நம்மிடமும் வந்தது. சாக்சனியில் புல்ஸ்னிற்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த பர்த்தொலொமேயு சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1715இல் அது அச்சாகி முடிந்தது. கிருபையைப் பற்றிய பவுலின் வார்த்தைகள் தமிழில் அச்சேறியது அப்போதுதான்.

ஆனால் நாம் தாழ்மையோடு ஒன்றை நினைக்க வேண்டும். வேதம் தமிழில் வந்து நூறு ஆண்டுகள் கடந்தும், தமிழ்ச் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். நற்கருணைப் பாத்திரத்திலும் முந்தியவர், பிந்தியவர் என்று பார்த்தார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் இந்த வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று அறிவித்தபோது, தஞ்சாவூர் முதலான இடங்களில் பலர் சபையை விட்டே விலகினார்கள். அங்கே கூட்டப்பட்டது மோசேயின் பிரமாணம் அல்ல, சாதியின் பிரமாணம். ஆனால் அந்தியோகியாவில் வெறுமையான அதே ஆசனங்கள்தான் அங்கேயும் வெறுமையாயின. இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். கலியாணப் பேச்சு வரும்போது நம்முடைய வீடுகளில் என்ன கேட்கப்படுகிறது என்று அவரவர் நினைத்துப் பார்ப்போமாக.

டுல்டுங்கா, பிள்ளையின் உரிமையா?

1983க்குப் பின் இந்த நாட்டுக்கு வந்த நம்மில் அநேகருக்கு "டுல்டுங்" என்ற வார்த்தையை விளக்கத் தேவையில்லை. அது வதிவிட உரிமை அல்ல. திருப்பி அனுப்புவதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம், அவ்வளவுதான் அதன் பொருள். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தக் கடதாசியைப் புதுப்பிக்க வரிசையில் நிற்க வேண்டும். கதவு தட்டப்பட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தக் கடதாசியோடு பத்து வருடம் வாழ்ந்தாலும் இது என் வீடு என்று சொல்ல முடியாது.

பிரியமானவர்களே, தேவனோடு டுல்டுங்கில் வாழும் கிறிஸ்தவர்கள் அநேகர். தண்டனை ரத்தாகவில்லை, தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். இந்த வாரம் வேதம் வாசித்தேன், ஜெபக்கூட்டத்துக்குப் போனேன், ஆகையால் ஒரு வாரத்துக்குப் புதுப்பித்தாயிற்று. அடுத்த வாரம் தவறினால்? பிள்ளைக்குச் சுகவீனம் வந்தால், வேலை போனால், "எதில் குறைவைத்தேனோ, அதுதான் கர்த்தர் அடிக்கிறார்" என்று அழுகிறார்கள்.

பவுல் சொல்வது வேறு. காலம் நிறைவேறினபோது தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார். நாம் புத்திரசுவிகாரத்தை அடையும்படி அனுப்பினார். ஆகையால் இனி நாம் அடிமைகள் அல்ல, புத்திரர், புத்திரரானால் சுதந்தரர் (கலாத்தியர் 4:4-7). பிள்ளைக்கு வீட்டில் இருக்க அனுமதிக் கடதாசி எதற்கு?

சின்னப் பிள்ளைகளே, வருட நடுவிலும் முடிவிலும் பாடசாலையில் சொய்க்னிஸ் தருகிறார்கள். அதில் 1 இருந்தால் துள்ளிக்கொண்டு வருவீர்கள். 5 இருந்தால் பையின் அடியில் ஒளித்துவைப்பீர்கள். ஆனால் 5 வாங்கிய அன்றைக்கு அம்மா இராச்சாப்பாட்டை நிறுத்தி, "இனி நீ என் பிள்ளையல்ல" என்று சொல்வாரா? மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தருவார். ஏன்? நீ பிள்ளை. நீ படிப்பது பிள்ளையாவதற்காக அல்ல. நீ பிள்ளையாய் இருப்பதால்தான் அம்மா உன்னைப் படிப்பிக்கிறார். தேவனும் அப்படியே.

அப்படியானால் எப்படியும் வாழலாமா?

இளைஞர் சிலர் மனதுக்குள் கேட்கிறீர்கள்: "எல்லாம் கிருபை என்றால் எதற்கு ஜெபம், எதற்குப் பரிசுத்தம்?" கலாத்தியர் 5:13ஐ வாசியுங்கள். சுயாதீனம் மாம்சத்துக்கு இடம் கொடுப்பதற்கு அல்ல, அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியம் செய்வதற்கு. தீத்துவுக்கு எழுதும்போது பவுல் இன்னும் தெளிவாய்ச் சொல்கிறார்: கிருபையே நமக்குப் போதிக்கிற ஆசான். அவபக்தியை வெறுத்து, தெளிந்த புத்தியோடு வாழக் கற்றுக்கொடுப்பது அதுதான் (2:11-12).

பயத்தினால் கீழ்ப்படிகிறவன் யாரும் பார்க்காதபோது நிறுத்திவிடுவான். நேசிக்கப்பட்டவன் யாரும் பார்க்காதபோதும் தொடர்வான். நியாயப்பிரமாணம் வேலியைக் கட்டலாம், கனியைக் கொடுக்காது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை எல்லாம் ஆவியின் கனிகள். மரத்துக்குக் கட்டளையிட்டு எவரும் மாம்பழம் பெற்றதில்லை. வேர் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும்.

நம்முடைய பந்தி

அடுத்த 25 ஆண்டுகளுக்குள் நாம் போகிறோம். இந்தச் சபையைக் கட்டிய முதல் தலைமுறையினர் முக்காடிட்டு ஆராதித்தீர்கள், நகை தவிர்த்தீர்கள், இராக்கால வேலை முடித்து நித்திரையில்லாமல் ஞாயிறு ஆராதனைக்கு ஓடிவந்தீர்கள். கர்த்தர்மேல் வைத்த அன்பினால் அவற்றைச் செய்தீர்கள். கர்த்தர் அவற்றை அறிவார். ஆனால் உங்கள் அன்பின் காணிக்கையை உங்கள் பிள்ளைகளுக்கு நுழைவுச்சீட்டாக மாற்றிவிடாதீர்கள். தலைமயிருக்கு நிறம் பூசிய ஒரு பையன், தமிழ் தடுமாறுகிற ஒரு பெண், பல வருடம் கழித்துத் திரும்பி வந்து பின்வரிசையில் உட்காருகிற ஒரு சகோதரன், இவர்கள் வாசலில் நுழையும்போது முதலில் சந்திப்பது நம்முடைய முகத்தை. அந்த முகம் வா என்கிறதா, ஏன் வந்தாய் என்கிறதா?

லூக்கா 15இல் மூத்த குமாரன் வீட்டை விட்டுப் போகவேயில்லை. ஒரு கட்டளையையும் மீறவில்லை என்றும் சொன்னான். ஆனாலும் தம்பிக்காக வைத்த விருந்துக்குள் போக அவனுக்கு மனதில்லை. வெளியே நின்றான். தகப்பன் எழுந்து அவனிடமும் வெளியே வந்து வருந்தி அழைத்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். தூரதேசம் போனவனுக்கும் கிருபை தேவை, வயலிலே உழைத்தவனுக்கும் கிருபை தேவை. இருவருக்கும் தகப்பன் ஒருவரே, பந்தியும் ஒன்றே.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பெற்றோர் சட்டக்காரர் என்று அவர்களை எள்ளி நகையாடுவதும் கிருபையல்ல. முக்காடிட்ட அம்மாவைத் தாழ்வாய்ப் பார்த்தால், நீயும் அந்தியோகியாவில் எழுந்து போனவனே. ரோமர் 14ஆம் அதிகாரம் இரு சாராருக்கும் எழுதப்பட்டது.

இன்று ஆராதனைக்குப் பின் கீழ் மண்டபத்தில் அன்பின் விருந்து ஆயத்தமாயிருக்கிறது. ஒவ்வொருவரும் உங்கள் வழக்கமான இடத்தை விட்டு, நெடுநாள் பேசாத ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேதுரு எழுந்துபோன இடத்தில் நாம் போய் உட்காருவோம்.

ஜெபிப்போம்: அன்பின் பிதாவே, எங்கள் நற்கிரியைகளைப் பாராமல் உமது குமாரனுக்காக எங்களைப் பிள்ளைகளாய் ஏற்றுக்கொண்டீரே, ஸ்தோத்திரம். அடிமையின் பயத்தை எங்கள் வீடுகளிலிருந்து நீக்கியருளும். நீர் ஏற்றுக்கொண்டவர்களை நாங்கள் தள்ளிவிடாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். வருகிற ஆண்டுகளிலும் உமது கிருபையே இந்தச் சபையை நடத்துவதாக. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.