கிளெயிம் என்ற சொல்
(மொன்றியலில் நடந்த புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடம் தந்திருக்கினம். ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "கிளெயிம் பண்ணியாச்சோ?", "கிளெயிம் சரிவந்திட்டுதோ?" எண்டு எங்கடை ஆச்சிமாரும் கேட்கினம். அவ்வளவுக்கு அது தமிழாகிவிட்டது.

இதன் மூலம் இலத்தீன். 'கிளாமாரே' என்றால் உரத்துக் கூவுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கை பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை படிக்கிற 'ரெக்ளாமே' என்ற பிரெஞ்சு வினையும் அதே வயிற்றிலை பிறந்ததுதான்.

தொல்காப்பியர் கேட்பவனின் தரம் பார்த்து மூன்று சொல் வகுத்தார். தாழ்ந்தவன் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். எங்கடை ஆக்கள் பலர் விசாரணையிலை 'ஈ' எண்ட குரலிலைதான் கதைக்கினம். விமான நிலையத்திலை பெட்டி எடுக்கிற இடத்துக்கும் ஆங்கிலத்திலை இந்தச் சொல்தான். தன்ரை பெட்டியை எடுக்க ஆரும் கும்பிடுறேல்லையே!

இன்னொரு பாவனை கொஞ்சம் பொல்லாதது. "இவர் இப்படிச் சொல்லுறார், உண்மையோ தெரியாது" என்ற பொருளிலும் பத்திரிகைக்காரர் இதே வினையைப் போடுவினம். 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இருந்து மீட்கப்பட்ட 155 தமிழரை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லிச்சினம். மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தது பிறகு தெரிஞ்சுது. வந்த வழி பற்றிய கதை பிழைத்தது. ஊரிலை உயிருக்குப் பயம் எண்டது பிழைக்கேல்லை. இரண்டுக்கும் ஆங்கிலத்திலை ஒரே சொல். மொழிபெயர்க்கிறவை 'என்கிறார்' எது, 'கோருகிறார்' எது எண்டு பிரித்துச் சொல்லவேணும்.

கூவினால் மட்டும் காணாது, காதும் வேணும். முன்பெல்லாம் அதிகாரி பதிந்த எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு; முடிவு செய்கிறவருக்கு முன்னாலை வாய் திறக்க வழியில்லை. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, எங்கடை வருஷப் பிறப்புக்குப் பத்து நாள் முந்தி, சிங் வழக்கிலே உச்ச நீதிமன்றம் நேரில் வாய்மொழியாகக் கேட்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 1989இல் குடிவரவு அகதிகள் சபை வந்தது. தமிழிலை 'கேள்' என்றால் கேட்பதும் அதுதான், காது கொடுப்பதும் அதுதான். அந்தத் தீர்ப்பை இந்த ஒரு சொல்லாலேயே சொல்லிவிடலாம்.

2012 முதல் நிரப்பிற படிவத்துக்குப் பெயரே 'கிளெயிமின் அடிப்படை'. புதிதாக வந்தவை ஆரும் அதோடை யோசிச்சுக்கொண்டு இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு என்னட்டை வாங்கோ. சேர்ந்து இருந்து வாசிப்பம்.