ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வந்தா?

2011-ல லிங்க்ட்இன் ஓப்பன் சோர்ஸ் பண்ண காஃப்காவை வச்சு வேலை செய்றவங்க எல்லாரும் சந்திக்கிற ஒரு சிக்கலைப் பார்ப்போம்.

உங்க வாலட்ல 500 ரூபாய் கழிக்கச் சொல்லி ஒரு மெசேஜ் வருது. புரோகிராம் கழிச்சிடுது. ஆனா ‘இதுவரை படிச்சாச்சு’ன்னு ஆஃப்செட்டைக் குறிக்கிறதுக்குள்ள சர்வர் விழுந்துடுது. திரும்ப எழுந்ததும் அதே மெசேஜை மறுபடி படிக்கும். இன்னொரு 500 போயிடும். சரி, ஆஃப்செட்டை முதல்லயே குறிச்சா? நடுவுல விழுந்தா பணமே கழியாது.

அதனால நான் ஒவ்வொரு மெசேஜுக்கும் தனி ஐடி கொடுத்துடுவேன். பணத்தைக் கழிக்கிறதும், அந்த ஐடியை டேட்டாபேஸ்ல எழுதுறதும் ஒரே டிரான்ஸாக்‌ஷன். நடந்தா ரெண்டும் நடக்கும், இல்லைன்னா ரெண்டுமே நடக்காது. ஐடி ஏற்கெனவே இருந்தா, அந்த மெசேஜை விட்டுடலாம்.

மெசேஜ் எத்தனை தடவை வேணா வரட்டும். பணம் ஒரு தடவைதான் போகணும்.