நோயாளியின் வாய்க்கு முன்னே ஒரு பயிற்சிக் களம்

(பல் மருத்துவ மாணவர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)

மாணவனாக இருந்தபோது நான் முதன்முதலாகப் பல் பிடுங்க முயன்ற நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்திருந்தவர் ஒரு கூலித் தொழிலாளி. தனியார் மருத்துவரிடம் செல்ல வசதியின்றி, ஒரு நாள் கூலியையும் இழந்து, கல்லூரி மருத்துவமனைக்கு வந்திருந்தார். கீழ்த்தாடையை மரத்துப்போகச் செய்யும் ஊசியை இரு முறை தவறான இடத்தில் செலுத்தினேன். மூன்றாம் முறை ஆசிரியர் ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்தத் தொழிலாளி சினம் கொள்ளவில்லை. "பரவாயில்லை தம்பி, படிக்கிற பிள்ளைதானே" என்றார்.

அவர் பொறுத்துக்கொண்டார் என்பதனால் அது நியாயமாகிவிடாது. மருத்துவம் கற்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை ஏழை நோயாளி தம் வலியால் செலுத்த வேண்டுமா என்பதே இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

பொம்மைத் தலையிலிருந்து கணிப்பொறி வரை

இக்கேள்வி புதியதன்று. 1894ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரப் பல் மருத்துவர் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ், மாணவர் பயிற்சிக்கென ஒரு செயற்கைத் தலையை அமைத்தார். 1920இல் டாக்டர் ஆர். அகமது கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் பின்னர் எழுந்த நம் கல்லூரிகளிலும் பொம்மைத் தலையும், பிடுங்கிய பற்களுமே மாணவரின் முதற் பாடநூல்களாயின. அவற்றின் பயன் பெரிது, குறையும் உண்டு. நெகிழிப் பல்லில் சொத்தையின் மென்மையை உணர முடியாது. பிடுங்கிய பற்களைச் சேகரித்துக் கிருமி நீக்குவது எளிதன்று. தாடை எலும்பினுள் ஓடும் நரம்பைப் பொம்மை காட்டுவதில்லை.

விமானிகளுக்கு இத்தகைய தேவை முன்பே எழுந்தது. 1929இல் எட்வின் லிங்க் உருவாக்கிய தரைப் பயிற்சிக் கருவி, வானில் ஏறும் முன்னரே பிழை செய்யவும் திருந்தவும் விமானிக்கு வாய்ப்பளித்தது. அதே கருத்துத்தான் இன்று மெய்நிகர் பயிற்சியாகப் பல் மருத்துவத்திற்கு வந்துள்ளது.

கருவி இயங்கும் முறை

மாணவர் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து திரையில் பல்லைக் காண்கிறார். அவர் கையிலுள்ள துளைக் கருவி, மோட்டார்கள் பொருத்திய ஒரு கரத்துடன் இணைந்துள்ளது. கருவியின் முனை திரையிலுள்ள பல்லைத் தொட்டதும், கணிப்பொறி எதிர்விசையைக் கணக்கிட்டுக் கைக்கு அனுப்புகிறது. தொடுவுணர்வு இயல்பாக இருக்க இக்கணக்கீடு வினாடிக்கு ஏறத்தாழ 1,000 முறை நடைபெற வேண்டும். எனாமல் கடினமாகவும், சொத்தை மென்மையாகவும் கைக்குத் தெரியும். ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்விக்கூடத்தின் ஒத்துழைப்புடன் உருவான 'சிமோடான்ட்' இவ்வகையைச் சேர்ந்ததே.

அறுவை சிகிச்சையில் இதன் பயன் தெளிவாகத் தெரிவது, எலும்பில் புதைந்த ஞானப் பல்லை எடுக்கும்போதுதான். ஈறைத் திறந்து, எலும்பைச் சிறிது அகற்றி, பல்லைத் துண்டாக்கி வெளியே எடுக்க வேண்டும். பல்லின் வேருக்கு மிக அருகிலேயே கீழ்த்தாடை நரம்பு செல்லக்கூடும். அது காயமுற்றால் நோயாளியின் உதடும் மோவாயும் உணர்விழக்கும். சிலருக்கு அது நிலையாகவே நின்றுவிடும். திரையில் மாணவர் எலும்பை ஊடுருவி நரம்பைக் காணலாம். தவறாகத் துளைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். எவ்வளவு எலும்பை அகற்றினார், எத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் என்பன பதிவாகின்றன. 2020இல் கொரோனா பரவியபோது மாணவர் நோயாளியை அணுக முடியாமல் பயிற்சி தடைப்பட்டதை நாம் கண்டோம். அத்தகைய காலத்திலும் இக்கருவிகள் கையைப் பழக்கத்தில் வைத்திருக்கும்.

கருவியின் எல்லை

ஆயினும் கருவியால் ஆகாதவை பல. குருதியும் உமிழ்நீரும் பார்வையை மறைப்பதையும், நாக்கு விலகி அசைவதையும், மென்மையான ஈறு கத்திக்கு இசைவதையும் அது முழுமையாக உணர்த்துவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சத்தால் கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கும் மனிதரைத் தேற்றுவது எப்படி என்பதை எந்தத் திரையும் கற்பிக்காது. நோயாளியிடம் கற்பதற்கு முன்படியாகவே மெய்நிகர் பயிற்சி அமைய வேண்டும். ஆசிரியரின் இடத்தையும் அது நிரப்பாது. மதிப்பெண்ணைக் கருவி தரும். பிழையின் காரணத்தை ஆசிரியரே விளக்குவார்.

அலுவலர்களுக்குச் சில சொற்கள்

இக்கருவிகள் விலை மிகுந்தவை. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வாங்குவதைவிட, ஓர் அரசுக் கல்லூரியில் பொதுப் பயிற்சி மையம் அமைத்து, அண்டைக் கல்லூரி மாணவரும் முறை வைத்துப் பயன்படுத்தச் செய்வது சிக்கனமானது. வாங்கும் தொகையுடன் பராமரிப்புக்கும் மின்வசதிக்கும் பயிற்றுநருக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும். இல்லையேல், திறப்பு விழாவன்று இயங்கிய கருவி பின்னர் பூட்டிய அறையில் தூசி படியும். நோயாளியின் இசைவு பெற்று, அடையாளங்களை நீக்கி, நம் மருத்துவமனைகளில் எடுக்கும் சி.டி. படங்களிலிருந்தே பாடங்களை உருவாக்கலாம். நம் பொறியியல் கல்வி நிலையங்களும் இப்பணியில் கைகோக்கலாம்.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திற்கு மாற்றாக, 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. கல்வி முறையைச் சீரமைக்கும் இவ்வேளையில், குறிப்பிட்ட திறனைப் பயிற்சிக் கூடத்தில் மெய்ப்பித்த பின்னரே நோயாளியைத் தொட வேண்டும் என்னும் நெறியை வகுக்கலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் முதல் நோயாளியும் "பரவாயில்லை" என்று சொல்லக்கூடும். அவர் அப்படிச் சொல்ல நேராத வண்ணம் உங்கள் கை முன்னரே பழகியிருக்கட்டும்.