பகிர்வதற்கு முன் பத்து நிமிஷம்: 17 வயசும் சட்டமும்

இணைய அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க.



ஒரு கொடூரமான குற்றம் நடக்குது. பிடிபட்டவன் 17 வயசுப் பையன்னு செய்தி வருது. அடுத்த பத்து நிமிஷத்துல உங்க வாட்ஸ்அப்புக்கு மூணு விஷயம் வந்துடும். அவன் போட்டோ. "மைனர்னா மூணு வருஷத்துல வெளியே வந்துடுவான்"னு ஒரு மீம். "தூக்குல போடு"ன்னு ஒரு ஹேஷ்டேக். மூணையும் ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல மீம். 2012 டிசம்பர் டெல்லி வழக்கில் கைதான ஆறு பேரில் ஒருவனுக்கு 18 நிரம்ப சில மாதங்களே பாக்கி. அன்றைய சட்டப்படி அதிகபட்சம் 3 ஆண்டு சீர்திருத்த இல்லம். 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சிறார் நீதி மசோதாவை நிறைவேற்றியது. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த அந்தச் சட்டப்படி, 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் மீது கொடுங்குற்ற வழக்கு வந்தால், அதாவது குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு என்றால், இளைஞர் நீதிக் குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யும். செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்க்கும். தேவைப்பட்டால் பெரியவர்களைப் போல விசாரிக்க, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். ஆக, மீம் பழைய கதை.

அடுத்து ஹேஷ்டேக். அங்கே போனாலும் தூக்கு கிடையாது. விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. சட்டமே அப்படித்தான்.

"அப்போ பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன பதில்?" நியாயமான கேள்விதான். அதுக்குக் கோபம் மட்டும் பதிலாகாது. 2017 குருகிராம் பள்ளிக் கொலையில் போலீஸ் முதலில் பிடித்தது பஸ் கண்டக்டரை. அவரையும் தூக்கில் போடச் சொன்னார்கள். பிறகு வந்த சிபிஐ, அவருக்குத் தொடர்பில்லை என்று சொல்லி, அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. ஹேஷ்டேக் ஜெயிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிங்க.

அந்த மாணவனுக்குச் செய்த மதிப்பீடு சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குழுமத்தில் இருப்பது ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூக ஆர்வலர்கள். குழந்தை மனநலம் படித்தவர் அதில் இல்லை என்றால், உளவியல் நிபுணரின் உதவி கட்டாயம் என்று 2022இல் நீதிமன்றம் சொன்னது. ஒரு பையனின் வாழ்க்கையையே மாற்றுகிற முடிவு இது. அதுவும் குற்றம் நிரூபணமாகும் முன்பே எடுக்கிற முடிவு.

2024இல் புனேவில் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் ஐடி பொறியாளர்கள் செத்தார்கள். ஓட்டிய 17 வயசுப் பையனுக்கு அன்றைக்கே ஜாமீன், கூடவே 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நமக்கு ரத்தம் கொதிச்சது, சரிதான். ஆனா ரத்த மாதிரியை மாத்தினதா அங்கே டாக்டர்களே கைதானாங்க. வயசு வரம்பை 16 ஆக்கினா அந்த மாதிரி தானா சரியாகிடுமா? அங்கே விளையாடினது பணம்.

பணமில்லாத பையனுக்கு என்ன நடக்குது? 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயசுச் சிறுவன் ஒருத்தன் இறந்தான். அடிச்சதா இல்ல ஊழியர்களே கைதானாங்க. திருத்த வேண்டிய இடத்துலயே உயிர் போச்சு.

அதனால நம்ம கோரிக்கை இதுதான். மாவட்டம்தோறும் குழுமத்துக்கு உளவியல் நிபுணர் வேணும். மதிப்பீட்டுக்குச் சட்டம் தந்த 3 மாதக் கெடு நடைமுறையில் இருக்கணும். இல்லங்களில் அடி நிக்கணும், படிப்பும் தொழிலும் நடக்கணும். அந்தப் பையன் என்னைக்காவது நம்ம தெருவுக்குத்தான் திரும்பி வரப்போறான். எப்படிப்பட்டவனா வர்றான்ங்கிறதுதான் அடுத்த குடும்பத்தோட பாதுகாப்பு.

கடைசியா, அந்தப் போட்டோ. சிறாரின் அடையாளத்தை வெளியிடுறது பிரிவு 74இன் கீழ் குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. நம்ம கொடி இருக்கிற எந்தப் பக்கத்திலும் அந்த முகம் வரக்கூடாது. வந்திருந்தா இப்பவே எடுத்துடுங்க. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பையனா இருந்தாலும் இதே விதிதான், தோழர்களே!



#சிறார்நீதி #பகிரும்முன்யோசி