வீட்டு நீர்க்குழாய்களின் ஆயுள்

வீடொன்றைக் கட்டி முடித்தவர் அதன் கூரையை அடிக்கடி பார்க்கின்றார். மாரி வருமுன் உடைந்த ஓட்டை மாற்றுகின்றார். தைப்பொங்கலுக்கு முன்னர் சுவருக்கு வெள்ளை பூசுகின்றார். ஆனால் அந்தச் சுவரினுள்ளே செல்லும் நீர்க்குழாயை அவர் நினைப்பதில்லை. சுவர் ஊறிப் பூச்சு உதிர்ந்த பின்னரே அப்படியொரு பொருள் அங்கு இருப்பது அவருக்கு நினைவுக்கு வருகின்றது. அப்பொழுது அவர் செய்வது பெரும்பாலும் இரண்டிலொன்றாகும். ஒழுகும் இடத்தில் றப்பர்த் துண்டைச் சுற்றிக் கட்டிக் காலத்தைக் கடத்துவார். அல்லது நல்ல நிலையிலுள்ளவற்றையுஞ் சேர்த்துக் கழற்றி எறிந்துவிட்டு, யாவற்றையும் புதிதாக வாங்குவார். இரண்டும் வீண்செலவே. எந்த உறுப்பு எத்துணைக் காலம் உழைக்கும், எப்பொழுது அதனை மாற்றுதல் தகும் என்பவற்றை அறிந்திருப்பின் இந்நட்டங்களைத் தவிர்த்துக் கொள்ளலாம். இன்றைய பேச்சில் அதனையே நேயர்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது, வீட்டு நீரமைப்பின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை என்பதாகும். றப்பராலான வாசர், அடைப்பு வளையம் போன்றவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடும். பித்தளைப் பைப்பு, மிதவை வால்வு முதலிய அசையும் உறுப்புகள் பத்து, பதினைந்து, சிலவேளைகளில் இருபது ஆண்டுகள் உழைக்கும். அசையாது கிடக்கும் குழாய்களும், பீங்கானாலான கைகழுவுந் தொட்டி, மலசலகூடப் பீடம் ஆகியனவும் ஒரு தலைமுறைக்கு மேலும் நிலைக்கவல்லன. சிறிய உறுப்பின் மரணத்தைப் பெரிய உறுப்பின் மரணமென்று எண்ணுவதாலேயே நாம் பெரும்பாலும் ஏமாறுகின்றோம்.

நாம் பேச்சுவழக்கிற் பைப்பு என்று சொல்லும் திறப்பை எடுத்துக்கொள்வோம். திருகித் திறந்து மூடும் இவ்வகைப் பைப்புக்கு 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொதரம் நகரிலிருந்த பித்தளை வார்ப்பகமொன்று காப்புரிமை பெற்றது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. தலையைத் திருகும்போது தண்டு கீழிறங்கி, நுனியிலுள்ள வாசரை ஒரு வட்டத் துவாரத்தின் விளிம்பில் அழுத்துகின்றது, நீர் நிற்கின்றது. வாசர் தேய்ந்ததும் துளி விழத் தொடங்குகின்றது. அப்பொழுது நாம் செய்வது யாது? முன்னிலும் பலமாகத் திருகுகின்றோம். அதனால் எஞ்சிய றப்பரும் நசுங்கி, உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, துவாரத்தின் விளிம்பு வெட்டுப்படுகின்றது. சில ரூபாய்களோடு முடிய வேண்டிய வேலை முழுப் பைப்பையும் மாற்றும் வேலையாகின்றது. ஆகவே, துளி கண்டவுடன் வாசரை மாற்றுக. புதிய வாசர் போட்டுச் சில கிழமைகளுள் மீண்டும் ஒழுகின், விளிம்பு கெட்டுவிட்டதென்று கொள்க. பித்தளையின் மஞ்சள் நிறம் ஆங்காங்கே செந்நிறமாக மாறியிருப்பின், அதிலுள்ள நாகம் கரைந்து வெளியேறிச் செம்பு மட்டும் எஞ்சியிருக்கின்றது. அத்தகைய பைப்பு திருகும்போதே முறிந்துவிடக்கூடும். அதனைப் பழுதுபார்த்துப் பயனில்லை.

பைப்பின் ஆயுளை ஆண்டுகளால் மட்டும் அளத்தலாகாது. அது எத்தனைமுறை திருகப்படுகின்றது என்பதே முக்கியமானது. விருந்தினர் அறையிலுள்ள பைப்பு இருபது ஆண்டுகளின் பின்னரும் புதிதுபோலிருக்க, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இடைவேளையில் நீர் அருந்தும் பாடசாலைப் பைப்பு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுவதை நான் கண்டிருக்கின்றேன்.

ஒரு துளியால் என்ன நட்டம் என்று கேட்போருமுளர். மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கொன்றை இங்கு கூறுகின்றேன். ஒரு நாளில் 86,400 செக்கன்கள் உள்ளன. செக்கனுக்கு ஒரு துளி விழுகின்றதென்றும், 20 சிறு துளிகள் சேர்ந்து ஒரு மில்லிலீற்றர் என்றும் கொண்டால், ஒரு நாளில் நான்கு லீற்றருக்கு மேல் வீணாகும். ஓராண்டில் அது ஏறத்தாழ 1,577 லீற்றராகும். பைப்பிலிருந்து விழுந்துளி உண்மையில் இதனிலும் பெரிதாக இருத்தல் கூடும். ஐயமுள்ளோர் ஓரிரவு முழுவதும் ஒரு வாளியை வைத்து அளந்து பார்ப்பார்களாக.

துளி விழும் ஓசையாவது நம்மை எழுப்பும். மலசலகூட நீர்த்தாங்கியின் ஒழுக்கோ ஓசையின்றி நிகழ்வது. பீங்கான் தாங்கி ஐம்பது ஆண்டுகள் இருக்கலாம். அதனுள்ளேயுள்ள றப்பர் மூடியும் மிதவை வால்வும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் நீர் இவ்வழியே போய்விடுதல் அரிதன்று. இதனைக் கண்டுபிடித்தல் எளிது. உணவுக்கிடும் நிறத்திற் சிறிது தாங்கியில் இட்டு, அரைமணி நேரம் நீரூற்றாது விடுக. பீடத்தினுள் நிறந் தோன்றின் மூடி கெட்டுவிட்டது. மூடியை மாற்றினாற் போதுமானது. பீடத்தையும் தாங்கியையும் பெயர்க்க வேண்டியதில்லை.

இனி, குழாய்களைப் பார்ப்போம். பழைய வீடுகளிலிருப்பவை நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய்கள். இரும்புக்கு நாகம் பூசும் முறைக்குப் பிரான்சு நாட்டுச் சொறெல் என்பார் 1837இற் காப்புரிமை பெற்றார். நாகம் தானே முதலிற் கரைந்து இரும்பைக் காக்கின்றது; நாகம் தீர்ந்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகின்றது. நல்ல நீரில் இக்குழாய் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இருக்கும். உவர்நீரில் இருபது ஆண்டுகள்கூட நில்லாது. காலையில் முதலில் வரும் நீர் செந்நிறமாக இருத்தல், நீரின் வேகம் ஆண்டுக்காண்டு குறைதல், மூட்டுகளில் துருக்கட்டி தோன்றுதல் ஆகியன அதன் முதுமைக் குறிகள். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் அடைக்கலாம். அதே குழாயில் ஓரிரு ஆண்டுகளுள் மூன்றாவது ஓட்டை விழுமாயின், அடைப்பதை விட்டு அவ்வரிசை முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். மாற்றும்போது செம்புக் குழாயை நாகமுலாம் பூசிய இரும்போடு நேரே பொருத்துதல் கூடாது. இரண்டு உலோகங்களும் நீரிற் கூடுமிடத்து இரும்பு விரைவாக அரிக்கப்படும்.

இக்காலத்தில் யாவரும் வாங்கும் பிவிசிக் குழாய் துருப்பிடிப்பதில்லை. மண்ணுள்ளும் சுவருள்ளும் ஐம்பது ஆண்டுகள் இருக்கத்தக்கது. ஆனால் வெயில் அதன் பகை. மொட்டைமாடியிலும் கிணற்றடியிலும் வெறுமையாகக் கிடக்கும் குழாய் நாளடைவில் வெளிறி, நொறுங்குந் தன்மை அடைகின்றது. அதற்குப் பூச்சு பூசுதலோ, மூடிவைத்தலோ வேண்டும். கைகழுவுந் தொட்டியின் கீழே பொருத்தப்படும் வளையுங் குழாய்கள் தனியே கவனிக்கத்தக்கன. வெளியே கம்பிப் பின்னல் பளபளப்பாக இருப்பினும், உள்ளிருப்பது றப்பரே. கம்பியிழை அறுந்திருந்தாலும், துரு தோன்றினாலும், பத்து ஆண்டுகள் கடந்தாலும், வெடிக்கும்வரை காத்திராது மாற்றிவிடுதல் நன்று. வீட்டில் எவருமில்லாத நாளில் அது வெடித்தால் நீர் தானாக நில்லாது.

இவ்வாயுளையெல்லாம் கூட்டியுங் குறைத்தும் வைப்பது நீரின் இயல்பாகும். 1886 முதல் கொழும்புக்கு நீரளித்துவரும் லபுகம நீர்த்தேக்கத்தின் நீர் காட்டு மலைகளிலிருந்து வரும் மென்னீர். மென்னீர் குழாயிற் படிவை உண்டாக்காது; ஆனால் உலோகத்தை மெல்ல மெல்லக் கரைக்கவல்லது. யாழ்ப்பாணக் குடாநாட்டு நீரோ சுண்ணாம்புக் கற்பாறையிடையே ஊறி வரும் வன்னீர். அது வெண்படிவாக உறைந்து குழாயின் வாயைச் சுருக்கும், வால்வை இறுக்கும். இத்தகைய ஊரில், நீர் குறைவாக வருகின்றதென்று பைப்பை எறியுமுன், அதன் வாய்ச்சல்லடையைக் கழற்றி ஓரிரவு வினாகிரியில் ஊறவிடுக. பல பைப்புகள் இவ்வாறே புத்துயிர் பெறும்.

குடாநாட்டில் இவ்விடயம் பணத்தோடு மட்டும் முடிவதன்று. அங்கு வற்றாத ஆறு இல்லை. மழையால் நிலத்துட் சேர்ந்த நன்னீர், உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். ஒழுகும் நீர் மண்ணுக்குத்தானே திரும்புகின்றது என்று சிலர் கூறலாம். ஆனால் மலசலகூடத் தாங்கியில் ஒழுகும் நீர் மலக்குழி வழியாகவே திரும்புகின்றது. செல்லும்போது அங்குள்ள அழுக்கையும் கரைத்து, அயலார் கிணறுவரை கொண்டு செல்கின்றது. ஆகவே, ஒரு வீட்டின் தேய்ந்த றப்பர் மூடி ஊருக்கே உரிய விடயமாகின்றது.

ஆயுள் முடியாவிடினும் மாற்றவேண்டிய பொருளொன்று உண்டு. அது ஈயக் குழாய். பிளம்பர் என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அத்துணைக் காலம் மக்கள் அவ்வுலோகத்தை நம்பியிருந்தனர். ஈயம் நீரிற் கரைந்து, சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதென்பது இன்று ஐயமற்ற உண்மை. மிகப் பழைய கட்டடத்தில் அத்தகைய குழாய் காணப்படின், அது எவ்வளவு உறுதியாக இருப்பினும் அகற்றப்படல் வேண்டும்.

ஈற்றில், குறைந்த வருவாயுடைய குடும்பத்தவர் எதை முதலிற் செய்வது என்பதைச் சுருக்கமாகக் கூறுவேன். ஒரு சிறு கொப்பியில் ஒவ்வோர் உறுப்பையும் பொருத்திய ஆண்டை எழுதி வைக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை, இரவில் எல்லாப் பைப்புகளையும் மூடி, நீர்மானியின் இலக்கத்தையாவது மேல்தாங்கியின் நீர்மட்டத்தையாவது குறித்து, காலையில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வேறுபாடு இருப்பின் எங்கோ ஒழுக்குண்டு. வீட்டுக்கு நீர் வரும் தலைவால்வை அவ்வப்போது மூடித் திறந்து பார்ப்பதோடு, அது இருக்குமிடத்தை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கவும் வேண்டும். கையிருப்புப் பணத்தை முதலில் வாசருக்கும் மூடிக்கும், அடுத்து வளையுங் குழாய்க்கும், அதன்பின் பைப்புக்கும் செலவிடுக. குழாய் வரிசைக்கு ஆண்டுதோறும் சிறிது சேமித்து வருக. பைப்பின் அழகை மாற்றும் எண்ணம் கடைசியில் வரட்டும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தேவையானவை ஒரு சாவியும், ஒரு வாசரும், அரைமணி நேரமுமே. வரும் விடுமுறை நாளில் நேயர்கள் தத்தம் வீட்டுப் பைப்புகளை ஒருமுறை சுற்றிப் பார்க்க முன்வருவார்களாயின் இப்பேச்சு பயனுடையதாகும்.