வன்னி நிலமும் வன்னி மக்களும்

(கிளிநொச்சியில் கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வன்னியின் வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். வன்னியின் வரலாறு நிலத்தின் வரலாறே. ஆதலால் நிலத்தைப் பற்றியே பேசப்போகின்றோம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அடங்கிய இப்பெருநிலப்பரப்பு, ஆண்டிற் சில மாதங்களே பெருமழை காணும் வரண்ட பூமி. ஆகவே முன்னோர் ஊர்தோறும் குளங் கட்டினர். குளத்தின் கீழ் வயல், அப்பால் மேய்ச்சற்றரை, அதற்கப்பால் காடு என வாழ்வை வகுத்தனர். காலபோக நெல்லும், கால்நடையும், காட்டுத் தேனும், முல்லைத்தீவுக் கடலின் மீனுமே இம்மண்ணின் செல்வம். வன்னியர் என்னும் சிற்றரசர் இதனை ஆண்டனர். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றான்.

வாளால் வென்றவர்கள் பின்னர் சட்டத்தாற் பறித்தனர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியன என்றது. நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? உறுதி எழுதி வையாத ஏழைக் கமக்காரன் தலையில்!

1902 இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கிற்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், காணியற்றோருக்கு அனுமதிப்பத்திரம் வழங்க வழி செய்தது. யாழ்ப்பாணத்துக் காணியற்ற உழவர் வந்தனர். 1977 இன் வன்செயலுக்கு அஞ்சி மலையகத் தமிழரும் வந்தனர். அவர்கள் வியர்வையால் காடு கழனியாயிற்று. ஆயினும் பலர் கையில் இருந்தது நிபந்தனைகள் நிறைந்த பத்திரமே. பின்னுரித்து அட்டவணையோ பெண்மக்களை ஆண்மக்களுக்குப் பின்னே நிறுத்தியது.

பின்பு போர் வந்தது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு முஸ்லிம் மக்களும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் துயரை மறந்து நம் துயரை மட்டும் பேசுவது நீதியன்று. 2009 இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து செட்டிகுளம் முகாம்களுக்குச் சென்றோர் குழந்தையைச் சுமந்தனர்; உறுதிப் பெட்டியைச் சுமக்க எத்தனை பேருக்கு இயன்றது?

அத்தகைய மக்களிடம், 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி, மூன்று மாதத்துள் உரிமை கோருக என்றது! வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காணிகளும் அதில் அடக்கம். துணையாகக் கொண்டது 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தை. மக்கள் எதிர்த்தனர், உயர் நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் வர்த்தமானியை மீளப் பெற்றது.

வென்றோம் என்று உறங்கலாமா? வர்த்தமானி போயிற்று, அச்சட்டம் அதனோடு போகவில்லை. குற்றம் நம்மிடமும் உண்டு. மேடைதோறும் மண்ணுரிமை முழங்கிய நாம், எத்தனை வீடுகளுக்குச் சென்று, "அம்மா, உங்கள் காணிப் பத்திரம் எங்கே?" என்று கேட்டோம்?

இனியேனும் கேட்போம். உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி தேடுவோம். அனுமதிப்பத்திரம் தொலைந்தால் பிரதேச செயலகப் பேரேட்டைப் பார்ப்போம். பதிவும் அழிந்த இடத்தில் பழைய வரிச் சிட்டை, வாக்காளர் இடாப்பு, அயலவர் சத்தியக் கடதாசி ஆகியவற்றைத் திரட்டுவோம். கணவனை இழந்த தாயின் காணியை முதலிற் கவனிப்போம். ஊருக்கு இரு இளைஞர் முன்வந்தால், அவர்களுக்கு வேண்டிய சட்ட அறிவை ஊதியமின்றிக் கற்பிக்க நாம் ஆயத்தம்.

குளக்கட்டில் உடைப்பு விழுந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடுவது வன்னியின் வழக்கம். இன்று உடைப்பு விழுந்திருப்பது காணியுரிமையில். ஓடி வாருங்கள்!